பெக்கோ வருமுன் நாகதாளியைப் பாருங்கள்



இருபது, முப்பது ஆண்டுகள் மூடிக்கிடந்த காணிக்குத் திரும்பிப் போகும் குடும்பம் முதலில் காண்பது பற்றையைத்தான். வீடு நின்ற இடம் தெரிவதில்லை. ஒழுங்கை எது, தோட்டம் எது என்று பிரித்தறிய முடிவதில்லை. 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு இந்த அனுபவம் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் அந்தக் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இன்றும் தமது வளவைக் காண முடியாமல் உறவினர் வீட்டிலும் வாடகைக் காணியிலும் காலம் கழிப்போர் இருக்கின்றனர். திரும்பியவர்களும் இனித் திரும்பப் போகிறவர்களும் முதல் நாளிலேயே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பற்றையை என்ன செய்வது?

பெக்கோவைக் கொண்டுவந்து ஒரே நாளில் தள்ளிவிடலாம் என்பது வழக்கமான பதில். உதவி செய்ய வரும் நிறுவனங்களும் பெரும்பாலும் இதையே விரும்புகின்றன. வேலை விரைவாக முடியும், படம் எடுக்கலாம், அறிக்கை எழுதலாம். நாயுண்ணிக்கும் இப்பிலிப்பிலுக்கும் இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் அந்தப் பற்றைக்குள் நாகதாளி நின்றால் அவசரப்படவேண்டாம் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். நாகதாளியைக் கண்டபடி தள்ளுவது தவறு. அதைப் புகழ்ந்து கண்ட இடமெல்லாம் நடுவதும் தவறு. அது நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைத் தீர்மானிக்கவேண்டியவர் காணிக்குரியவரே.

நாகதாளி எங்கிருந்து வந்தது?

பாம்பின் படம்போல் விரிந்த மடல், மஞ்சள் முள், மஞ்சள் பூ, கருஞ்சிவப்புப் பழம். குடாநாட்டுக் கரையோரத்திலும் கலட்டி நிலங்களிலும் இதைக் காணாதவர் இல்லை. தமிழ்நாட்டில் இதைச் சப்பாத்திக்கள்ளி என்பார்கள். பலர் இதைச் சதுரக்கள்ளி, திருக்கள்ளி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே இனமாக எண்ணுகின்றனர். அது சரியல்ல. சதுரக்கள்ளியையும் திருக்கள்ளியையும் வெட்டினால் வெண்பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. நாகதாளியை வெட்டினால் பால் வராது. வழுவழுப்பான நீர்தான் வரும். அது வேறு குடும்பம். அந்தக் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். கரீபியன் தீவுகளிலும் மெக்சிக்கோக் கரைகளிலும் வளர்ந்த இச்செடி ஐரோப்பியரின் கப்பல்களோடு எமது கடல்களுக்கு வந்தது. எமது முன்னோர் அதை வேலிக்கு வைத்துக்கொண்டனர்.

நாம் இலை என்று சொல்லும் மடல் உண்மையில் தண்டு. இலைகள் இளம் மடலில் சிறு கூர்போலத் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். மற்றச் செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது நீரையும் இழக்கின்றன. நாகதாளியோ பகலில் துளைகளை மூடி வைத்திருந்து, வெப்பம் தணிந்த இரவில் திறந்து காற்றை வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு சமைக்கிறது. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையை மடலுக்குள் அடக்கிவைத்து, ஆவணி வெயிலிலும் அது பச்சையாக நிற்பதன் காரணம் இதுதான்.

அதன் பலம் இது என்றால் அதனால் வரும் ஆபத்தும் இதுவே. நிலத்தில் விழும் ஒவ்வொரு மடலும் வேர்விடும். ஒரு மடல் ஒரு செடி. ஒரு செடி சில ஆண்டுகளில் ஒரு பற்றை. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைத் தூரத்துக்கும் கொண்டுபோகும். தெற்கே அம்பாந்தோட்டையில் புந்தல தேசிய பூங்காவின் புல்வெளிகளை நாகதாளி ஆக்கிரமித்து, காட்டு விலங்குகளின் மேய்ச்சலைக் கெடுத்து நிற்கிறது. அவுஸ்திரேலியாவில் 1920களில் கோடிக்கணக்கான ஏக்கர் நிலம் இதற்கும் இதன் உறவுச் செடிகளுக்கும் இரையானது. விவசாயிகள் பண்ணைகளைக் கைவிட்டுப் போனார்கள். பின்னர் ஆர்ஜென்ரீனாவிலிருந்து ஒரு சிறு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டபிறகே அங்கே நிலம் மீண்டது. 1980களின் பிற்பகுதி முதல் குடாநாட்டுக்குள் பரவிய பார்த்தீனியத்தோடு போராடும் எமக்கு, அந்நியச் செடி கைமீறிப் போவது என்ன என்று விளக்கத் தேவையில்லை.

ஒரு பூச்சியின் கதை

நாகதாளி இனத்தைப் பற்றி எடுத்த முடிவுகளின் வரலாற்றில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இதில் இலங்கையின் பெயரும் வருகிறது.

கொச்சினீல் என்றொரு பூச்சி உண்டு. அது நாகதாளி இனச் செடிகளில் மட்டுமே வாழும். வெள்ளைப் பஞ்சுபோல மடலில் ஒட்டியிருக்கும். நசுக்கினால் கடுஞ்சிவப்புச் சாயம் வரும். மெக்சிக்கோவிலிருந்து வந்த இந்தச் சாயம் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும் விலைபோனது. இந்தியாவிலும் அதை உண்டாக்கலாம் என்று எண்ணிய கிழக்கிந்தியக் கம்பனிக்காக 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வந்தது நல்ல சாயம் தரும் இனமன்று. அதை ஒத்த வேறோர் இனம். சாயத்தொழில் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஆனால் அந்தப் பூச்சி அங்கு பரவியிருந்த ஒருவகை நாகதாளியை அழித்துவிட்டது. அதைக் கண்டவர்கள் பின்னர் தென்னிந்தியாவுக்கும், 1865ஆம் ஆண்டளவில் இலங்கைக்கும் அப்பூச்சியைக் களையழிப்பதற்கென்றே கொண்டுவந்தார்கள். ஒரு களையை அடக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியைக் கொண்டுசென்ற முதல் முயற்சிகளில் ஒன்றாக அறிவியலாளர்கள் இதை இன்றும் எழுதுகின்றனர். அந்தப் பூச்சியின் அறிவியற் பெயரில் சிலோன் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. எமது கரையோர நாகதாளிக்கு அந்தப் பூச்சி உதவவில்லை. அதற்கு வேறொரு கொச்சினீல் இனம் தேவைப்பட்டது. அது 1920களில் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டு, பெருமளவு நாகதாளியைக் குறைத்தது.

இது வெற்றிக் கதை. கொச்சினீலால் வேறோர் இடத்தில் துயரமும் நேர்ந்தது. எதியோப்பியாவின் வடக்கே ரிக்ரே என்ற வறண்ட மலைநாடு. அங்குள்ள ஏழை விவசாயிகள் நாகதாளியின் உறவினமான பெரிய கள்ளியின் பழத்தைக் கோடைமாதங்களில் உணவாக உண்பார்கள், சந்தையில் விற்பார்கள், மடலை மாட்டுக்குப் போடுவார்கள். 2000களின் முற்பகுதியில், சாயம் ஏற்றுமதி செய்து வருமானம் தேடலாம் என்ற திட்டத்தில் அங்கே கொச்சினீல் பூச்சி விடப்பட்டது. அது கட்டுக்குள் நிற்கவில்லை. ஊர் ஊராகப் பரவி, மக்கள் நம்பியிருந்த கள்ளித் தோட்டங்களை அழித்தது.

பூச்சி அதே குணத்தோடுதான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது. ஓரிடத்தில் அந்தச் செடி யாருக்கும் வேண்டாத களை; மற்ற இடத்தில் ஏழையின் சோறு. அங்கே அந்தச் செடியோடு வாழ்பவர் யார், அது போனால் அவருக்கு என்ன போகும் என்ற கேள்விக்குத் திட்டத்தில் இடம் போதவில்லை. மீள்குடியேறிய காணிக்குள் பெக்கோ இறங்கும்போதும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

பெக்கோ ஏன் வேண்டாம்?

முதலாவது காரணம் எல்லை. எமது உறுதிகளில் நான்கு திசை எல்லைகளும் பெரும்பாலும் அயற்காணிக்காரரின் பெயர்களால் எழுதப்பட்டிருக்கும். பனைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்பனவும் அதில் இருக்கும். ஆனால் அயற்காணிக்காரர் கனடாவிலோ வன்னியிலோ இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். வீடு இடிக்கப்பட்டுவிட்டது. மதில் இல்லை. உறுதியையே இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் பலர். இந்த நிலையில் காணியை அடையாளம் காட்ட எஞ்சியிருப்பவை கிணறு, பழைய பனை, வேலியில் கதியாலாக நட்டுப் பின் மரமாகிவிட்ட பூவரசு, கிளுவை, அவற்றோடு கலட்டிப் பக்கத்தில் நிற்கும் நாகதாளி வரிசை. பெக்கோ இவை அனைத்தையும் அரை நாளில் ஒரே மட்டமாக்கிவிடும். பிறகு நில அளவையாளர் வந்தாலும் தொடங்குவதற்கு ஒரு புள்ளி இராது. உறவினருக்குள்ளேயே வழக்கு வரும். ஊரில் எல்லை தெரிந்தவர் தகப்பனாராக இருந்து, அவர் இல்லாமற்போன குடும்பத்தில், தாயும் பிள்ளைகளும் எதைக் காட்டி வாதாடுவார்கள்?

நாகதாளி நிற்கும் இடமெல்லாம் எல்லையென்று கொள்ளவும் கூடாது. பழைய வேலிச் செடியின் அடித்தண்டு தடித்து, முரடாகி, மரம்போல இருக்கும். அவை ஏறக்குறைய ஒரு நேரில் நிற்கும். பின்னர் தானாகப் பரவியவை ஒழுங்கின்றிச் சிதறி நிற்கும். அடியும் பச்சையாக இருக்கும். முதிய வரிசை ஒன்றைக் கண்டால், கிணற்றிலிருந்தும் பனையிலிருந்தும் அதற்குள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது தனியே சான்றாகாது. மற்ற அடையாளங்களோடு சேரும்போது பெறுமதி பெறும்.

இரண்டாவது காரணம் செடியின் குணம். பெக்கோ நாகதாளியை அழிப்பதில்லை, நறுக்கி விதைக்கிறது. சங்கிலியில் நசுங்கிய துண்டுகள் மண்ணோடு புரண்டு, அடுத்த மழைக்குக் காணி முழுவதும் முளைக்கும். ஒரு மூலையில் நின்ற செடி இப்போது எட்டுப் பரப்பிலும் நிற்கும். தோட்டம் செய்யப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய கெடுதி இல்லை.

மூன்றாவது காரணம் மண். எமது செம்பாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் படிந்திருக்கும் ஒரு போர்வை. சில இடங்களில் அது மிக மெல்லியது. பெக்கோ பற்றையைத் தள்ளும்போது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு மூலையில் குவிக்கிறது. எத்தனையோ தலைமுறை எருவும் குழையும் தாட்டு உருவாக்கிய மண் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டு, முறைப்படி கையளிக்கப்பட்ட காணிக்குள் மட்டுமே இறங்குங்கள். அப்படிப்பட்ட காணியிலும் சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடவேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கும் பொலிஸாருக்கும் அறிவியுங்கள். துப்புரவு செய்வதற்காகப் பற்றைக்குத் தீ வைக்கவேண்டாம்.

கையால் அகற்றும் முறை

மழைக்கு முன்னரே, ஆடி, ஆவணி மாதங்களில் தொடங்குவது நல்லது. ஈரம் இல்லாத மண்ணில் தவறி விழும் துண்டு உடனே வேர்விடாது. கனத்த சப்பாத்தும் தடித்த கையுறையும் வேண்டும். கண்ணைக் காக்கக் கண்ணாடி இருந்தால் மிக நல்லது. கொக்கைத்தடியால் மேல் மடல்களை இழுத்து மூட்டிலே வெட்டுங்கள். வெட்டியவற்றைக் கையால் தூக்காமல் இடுக்கியால் அல்லது கவர்த்தடியால் எடுத்து உரப்பையில் போடுங்கள். பின் அடிக்கட்டையை அலவாங்கால் நெம்பி வேரோடு எடுங்கள். நாகதாளியின் வேர் ஆழமாகப் போவதில்லை, மேலாகப் படர்ந்திருக்கும்.

எடுத்த மடல்களை ஒழுங்கையிலோ குளத்திலோ கேணியிலோ அயலவரின் வெறுங்காணியிலோ கொட்டக்கூடாது. பாறையின் மேல் அல்லது பழைய சீமெந்துத் தளத்தின்மேல் பரப்பி முற்றாகக் காயவிட்டு எரிக்கலாம். மண் ஆழமுள்ள இடமானால் ஒரு மீற்றர் அளவு கிடங்கு வெட்டிப் புதைக்கலாம். அடுத்த மழை முடிந்ததும் காணியை ஒருமுறை சுற்றிவந்து, முளைத்திருக்கும் சிறு மடல்களைப் பிடுங்குங்கள். குறைந்தது இரண்டு மழைக்காலமாவது இப்படிச் செய்யுங்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இந்த வேலைக்கான கூலி பெக்கோவுக்குப் போகாமல் ஊர்க் குடும்பங்களுக்கே போகலாம். உதவி நிறுவனங்கள் எரிபொருளுக்குக் கொடுக்கும் பணத்தை நாட்கூலியாகக் கொடுப்பதில் என்ன தடை?

மடல்களில் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூச்சி படிந்திருந்து, நசுக்கும்போது கடுஞ்சிவப்பாக வந்தால் அது கொச்சினீல். அதற்கு மருந்து அடிக்கவேண்டாம். அது மிளகாய்க்கோ கத்தரிக்கோ வராது. உங்கள் வேலையில் பாதியை அது செய்து தரும். மரவள்ளியிலும் கத்தரியிலும் வரும் வெண்மூட்டுப்பூச்சி வேறு.

வளர்ப்பதானால் எப்படி?

எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மண்வெட்டி இறங்காத கலட்டி, உப்புக்காற்று அடிக்கும் மணற்கரை, ஆடு மாடு புகும் பின்வேலி ஆகிய இடங்களில் ஏற்கெனவே நிற்கும் ஒரு வரிசையை விட்டுவைக்கலாம். தண்ணீர் கேட்காத, களவு போகாத, வேலி அடைக்க ஆண்டுதோறும் ஓலைச் செலவு வைக்காத எல்லை அது. ஆனால் அதுவரை நாகதாளி இல்லாத ஊருக்கு அதைப் புதிதாகக் கொண்டுபோகாதீர்கள். செம்பாட்டுத் தோட்ட நிலத்தில் வேலிக்கு நடாதீர்கள். அங்கே கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் இருக்கின்றன. அவை குழையும் தரும்.

வரிசையில் இடைவெளி விழுந்திருந்தால் நிரப்பும் முறை இது. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த, நோயற்ற மடலை மூட்டிலே கூரிய கத்தியால் வெட்டுங்கள். உடனே நடக்கூடாது, நட்டால் அழுகும். நிழலில் ஒன்று தொடக்கம் இரண்டு கிழமை கிடத்தி வைத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல்போல மூடிக்கொள்ளும். மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில், நீர் தேங்காத மணற்பாங்கான இடத்தில், மடலின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நிமிர்த்தி நடுங்கள். அரை மீற்றருக்கு ஒன்று போதும். முதல் பத்து நாள் தண்ணீர் வேண்டாம். பின்னர் பத்து நாளுக்கு ஒருமுறை சிறிது ஊற்றி, புதுத்தளிர் கண்டதும் நிறுத்திவிடலாம். எரு தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

அதன்பின் செய்யவேண்டிய வேலையே முக்கியம். ஆண்டுக்கொருமுறை வரிசைக்கு வெளியே நீட்டும் மடல்களை வெட்டுங்கள். ஆள் உயரத்துக்குமேல் போகவிடாதீர்கள். பழங்களைப் பறவைக்கு விடாமல் பறித்துவிடுங்கள். வீட்டு வாசலிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளியே வையுங்கள்; அடர்ந்த நாகதாளிக்குள் எலியும், எலியைத் தேடிப் பாம்பும் தங்கும். ஆண்டுக்கு ஒருநாள் இதற்கு ஒதுக்க முடியாதவர் நாகதாளி வைத்திருக்கவே கூடாது.

காணி இல்லாமல் பிறர் வளவில் இருப்போர் நிலத்தில் எதையும் நிரந்தரமாக நட்டால் காணிக்காரருக்கு மனக்கசப்பு வருவதுண்டு. அவர்கள் ஓட்டை போட்ட பழைய வாளியில் மணலும் கல்லும் நிரப்பி ஒரு மடலை வைக்கலாம். போகும் இடத்துக்குத் தூக்கிப் போகலாம். வேரும் விதையும் பிறர் நிலத்துக்குள் போகாது.

பழமும் தீவனமும்

நாகதாளிப் பழத்தைத் தின்று நாக்குச் சிவந்த நினைவு எம்மில் பலருக்கும் உண்டு. பெரிய முள்ளைவிடத் தொல்லை தருவது பழத்தின்மேல் குஞ்சம் குஞ்சமாக இருக்கும் நுண்ணிய சுணை. அது தோலிலும் நாக்கிலும் தொண்டையிலும் ஏறினால் எளிதில் வராது. எனவே பழத்தை இடுக்கியால் பறித்து, மணலில் உருட்டி, நெருப்பில் வாட்டி, கழுவியபின் தோலைச் சீவி எடுங்கள். உள்ளே வன்மையான விதைகள் நிறைய இருக்கும். பிசைந்து துணியில் வடித்துச் சீனியோடு காய்ச்சினால் நல்ல சிவப்புப் பாணி கிடைக்கும். விதையோடு அதிகம் தின்றால் மலச்சிக்கல் வரும். சிறுநீர் சிவந்து போனாலும் பயப்பட வேண்டாம். அது பழத்தின் நிறம். நீரிழிவுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கையில் சுணை ஏறினால் தேய்க்காமல், ஒட்டும் பிளாஸ்ரரை ஒட்டி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

பஞ்சகாலத்தில் மடல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உதவும். காவோலைச் சூளால் முள்ளையும் சுணையையும் நன்றாகப் பொசுக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, வைக்கோலோடு கலந்து கொடுக்கவேண்டும். மடலில் பத்தில் ஒன்பது பங்கு நீர். புரதம் மிகக் குறைவு. அதைமட்டும் போட்டால் கழிச்சல் கண்டு ஆடு மெலியும். இப்பிலிப்பில், சீமைக்கிளுவைக் குழையையும் சேர்த்து, சிறிதாகத் தொடங்கிப் பழக்குங்கள். முள் சரியாகப் பொசுங்காவிட்டால் வாயும் குடலும் புண்ணாகும். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் இலட்சக்கணக்கான ஏக்கரில் தீவனத்துக்குக் கள்ளி வளர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் வளர்ப்பது முள்ளில்லாத இனங்கள். எமது நாகதாளியைக் காட்டி அந்த இலாபத்தை யாராவது உங்களுக்குச் சொன்னால், எந்தக் கள்ளி, எந்தத் தண்ணீர், யார் வாங்குவது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பந்தலும் நீரும் முதலும் கேட்கும் டிராகன் பழத்தை, அதுவும் கள்ளிதானே என்று தண்ணீரில்லாக் காணிக்குச் சிபாரிசு செய்பவரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஒரு புகழ்ச்சியைப் பற்றி

இறுதியாக ஒன்று. இடம்பெயர்ந்த மக்களை நாகதாளிக்கு ஒப்பிட்டுப் பேசுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எங்கே எறிந்தாலும் வேர்விடுவார்கள், தண்ணீரில்லாமலும் வாழ்வார்கள் என்று கைதட்டல் வாங்குகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கே எறிந்தாலும் வாழ்வார்கள் என்று ஒருவரைப் புகழ்வது, அவரை எறிந்தது பெரிய பிழையில்லை என்று சொல்வதற்கு அருகில் வந்துவிடுகிறது. எமது விவசாயிகள் வேர்விட விரும்புவது தமது செம்பாட்டு மண்ணில்; தமது கிணற்று நீரில்; வெங்காயமும் புகையிலையும் வாழையும் வைத்த அதே தறையில். கலட்டியில் உயிர்வாழும் திறமைக்காக அவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் தேவையில்லை. காணி தேவை.

ஆகவே காணி திரும்பக் கிடைக்கும் குடும்பங்களிடம் கேட்பது இவ்வளவே. முதல் கிழமை எதையும் வெட்டாதீர்கள். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரையும் அயற்காணிக்காரரையும் அழைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடவுங்கள். கிணறு, பனை, பூவரசு, நாகதாளி வரிசை ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து, அளந்த தூரங்களைக் குறித்து, வந்தவர்களின் கையொப்பத்தை வாங்கி, கிராம அலுவலருக்கும் காட்டிவையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அயலவருக்கு அந்தத் தாளின் படத்தை அனுப்புங்கள். கட்டைகள் அடித்து எல்லை உறுதியான பின் கத்தியை எடுங்கள். நிறுவனங்களிடம் கேட்பதும் ஒன்றுதான்: அந்தத் தாள் எழுதப்படும்வரை பெக்கோவை வீதியில் நிறுத்திவையுங்கள்.